அம்மாவுக்கு முன்னால் போன குரல்

அம்மா காய்ச்சலோடு பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், அம்மாவின் குரல் எங்கள் தெரு வழியாகப் போயிற்று.

நான் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு ஏரியிலிருந்து எழும் பனி இன்னும் கலையவில்லை. எதிர்வீட்டுச் சுவர் பாதிதான் தெரிந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து, "கீரேய்ய்... அரைக்கீரே, சிறுகீரே, மொளக்கீரேய்ய்..." என்று அம்மா கூவுவது கேட்டது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒருமுறை. மாதா கோயில் திருப்பத்தில் ஒருமுறை. பிறகு மிக அருகில். உள்ளே திரும்பிப் பார்த்தேன். அம்மா முழங்காலை வயிற்றோடு மடக்கி, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக் கிடந்தாள். உதடு அசையவில்லை. வெளியே குரல் நடந்துகொண்டிருந்தது.

பனியை விலக்கிக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி வந்தது. பின்னால் காய்கறிக் கூடைகள், மேலே ஸ்பீக்கர். ஓட்டியவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் எங்களைத் தெரியாது. எங்கள் வாசலில் வண்டியை மெதுவாக்கி, "கீரை வேணுமாம்மா?" என்றார். அவர் தலைக்கு மேலே என் அம்மா கூவிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

உள்ளே போனபோது அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"யாரு, நானா?"

"ஆமாம்மா."

"போயிட்டு வரட்டும்," என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அம்மா கீரை விற்கிறாள். சாயங்காலத்தில் ஏரிக்கரைத் தோட்டங்களில் வாங்கி, வாழைநாரில் கட்டுக்கட்டி, ஈரச் சாக்கில் சுற்றிவைப்பாள். விடிந்ததும் மின்சார ரயிலில் கூடுவாஞ்சேரிக்குப் போவாள். பரனூர், சிங்கப்பெருமாள்கோயில், மறைமலைநகர் என்று நிலையங்கள் வந்து வந்து போகும். அவள் யாரோடும் பேசமாட்டாள். கேட்டால், தொண்டையை மடித்து உள்ளே வைத்திருப்பதாகச் சொல்வாள். கூடுவாஞ்சேரியில் இறங்கி, அடுக்குமாடிகள் இருக்கும் தெருக்களில் முதல் அடி வைத்ததும்தான் அதைப் பிரிப்பாள்.

அவள் கூவுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை எல்லாம் மேலே ஏறிக்கொண்டே போகும். மூன்றாம் மாடிவரை ஏறும். பிறகு ஒரு மூச்சு விட்டு, கடைசியாக, "பொன்னாங்கண்ணி" என்று ரகசியம்போல இறக்கிச் சொல்வாள். யாருக்கோ மட்டும் சொல்வது போலிருக்கும். என்ன சொன்னாள் என்று கேட்கவே பால்கனிக் கதவுகள் திறக்கும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. இருபது வருடத்தில் அவளே கண்டுபிடித்தது.

அந்தக் குரல் வண்டியேறியது திருவிடந்தைக் கடற்கரையில். அப்போது நான் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் சித்தப்பா மகன், எனக்கு மாமா, திருவிடந்தையில் இருக்கிறார். அவர் மகளுக்குக் காதுகுத்து. சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் கடலுக்குப் போனோம். மாமா அப்போதுதான் காய்கறி விற்க வண்டி வாங்கியிருந்தார்.

"யக்கா, ஒரு தபா கூவு. போன்ல புடிச்சி வண்டில போட்டுக்கறேன். கத்திக் கத்தி என் தொண்ட கீஞ்சிபோச்சு."

"போடா, நான் இன்னா ரேடியோவா?"

"ஒரே ஒரு தபா. உன்னாட்டம் எவனுக்கும் வராது."

அது உண்மை என்பதால் அம்மா எழுந்தாள். கீரைக்கூடை இல்லை, தெரு இல்லை, மாடி வீடு இல்லை. பட்டுப்புடவையோடு கடல் பக்கம் திரும்பி நின்று, அலைக்கு விற்பதுபோலக் கூவினாள். சென்னையிலிருந்து வந்திருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். ஏதோ சொன்னேன் என்று நினைவு. என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

காய்கறி வண்டிகள் விடியலில் ஒரே இடத்தில் சரக்கு ஏற்றும். அங்கே ஒரு பழக்கம் உண்டு. புது வண்டிக்காரர் பழைய வண்டிக்காரரிடம், தீப்பெட்டி கேட்பதுபோல, "சவுண்டு கீதா?" என்று கேட்பார். பழையவர் போனில் அனுப்பிவிடுவார். யாரும் யாரையும் யாருடையது என்று கேட்பதில்லை. தீக்குச்சியை யார் செய்தது என்று யார் கேட்கிறார்கள்? அப்படியே அம்மாவின் குரல் மாமாவிடமிருந்து இன்னொருவருக்கும், அவரிடமிருந்து இன்னொருவருக்கும் போய், எங்கெல்லாம் தெரு இருக்கிறதோ அங்கெல்லாம் நடக்கத் தொடங்கியது.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது சட்டம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சட்டம் என்று நான் நினைத்தது வேறொரு இடத்தில் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியை முடித்ததும் நான்தான். வயலில்லாமல் அடுத்தவர் வயலில் குனிந்தவர்களின் வீட்டில், கழுத்தில் வெள்ளைப்பட்டை கட்டிக்கொண்டு செங்கல்பட்டு நீதிமன்றப் படியில் ஏறிய முதல் ஆள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் நான் சம்பாதித்துக்கொண்டேன். அதனால் பிறர் ஒரு சொல்லைத் தவறாகப் பயன்படுத்தினால் என்னால் தாங்கமுடியாது.

இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. காப்புரிமை, பதிப்புரிமை, செயலி, காணொளி, குரல், படம் என்று யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் தமிழில் கேட்கலாம். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். அங்கே நான் பெயரில்லாமல் இருந்தேன். என் படத்துக்குப் பதிலாக மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தின் படம். சீனியர் அலுவலகத்தில் கட்சிக்காரர்கள் வராத மத்தியானங்களில், மின்விசிறிக்குக் கீழே வழக்குக் கட்டுகள் படபடக்க, நான் அந்தக் குழுவுக்குள் இறங்கிவிடுவேன். கடலில் இறங்குவதுபோலத்தான். கரையில் யார் கூப்பிட்டாலும் கேட்காது.

யாராவது, "காப்பிரைட் பதிவு செய்தால்தான் உரிமை வரும்" என்று எழுதுவார். படைத்த கணத்திலேயே வந்துவிடும் என்று எழுதுவேன். ஒருவர் காப்புரிமை என்பார். அது கண்டுபிடிப்புக்கு, நீங்கள் சொல்வது பதிப்புரிமை என்பேன். எவராவது பாட்டைத் திருடிவிட்டார்கள் என்பார். அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. திருட்டு என்றால் அசையும் பொருளை எடுத்துப்போவது. நகலெடுத்தால் மூலம் அங்கேயே இருக்கிறது. எனவே இது திருட்டு அல்ல, உரிமை மீறல் என்று எழுதுவேன். உடனே விருப்பக்குறிகள் வரிசையாக வந்து விழும். என்னைப்போலவே அங்கே இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒரு கமாவுக்காக மூன்று நாள் சண்டை போடுவோம். கேள்வி கேட்டவர் எப்போது எழுந்து போனார் என்று எங்களுக்குத் தெரியாது.

அம்மாவுக்குக் காய்ச்சல் தேறி இரண்டு வாரம் கழித்து, அங்கே புதிய உறுப்பினர் ஒருவரின் கேள்வி வந்தது. புள்ளியில்லை, காற்புள்ளியில்லை. பேசிப் பதிந்தது என்று பார்த்தாலே தெரிந்தது.

"என் குரலை திருடிட்டாங்க ஊர் பூரா போடுறாங்க நான் பேசினா நான் காப்பி அடிக்கிறேன் என்று சொல்றாங்க நிறுத்த வேண்டாம் என்னுது என்று ஒரு வார்த்தை சொல்ல வைக்க வழி இருக்கா"

காணொளியில் பாடும் யாரோ ஒரு பெண் என்று நினைத்தேன். இந்தக் காலத்தில் எந்திரம் யார் குரலையும் செய்துவிடுகிறது. அதுவாக இருக்கும் என்றும் நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் பதில் எழுதினேன். முதலில் திருட்டு என்ற சொல்லை எடுத்துவைத்துத் திருத்தினேன். "உங்கள் குரல் உங்களிடமே இருக்கிறதல்லவா? பிறகு எப்படித் திருட்டு ஆகும்?" என்று கேட்டேன். குரலுக்குப் பதிப்புரிமை என்ற ஒன்று சட்டத்தில் இல்லை, கேள்வியைத் தெளிவாக மாற்றிக் கேளுங்கள் என்று முடித்தேன்.

நிறைய விருப்பக்குறிகள். அதற்குக் கீழே எங்கள் ஆட்களில் ஒருவர், மின்சாரத்தைத் திருடினால் அதுவும் திருட்டுத்தானே, அது அசையும் பொருளா என்று கேட்டார். மின்சாரத்துக்குத் தனிச் சட்டம் என்றேன். இன்னொருவர் வந்தார். சாயங்காலம் ரயில் கூவும் நேரம்வரை மின்சாரத்தைப் பற்றியே பேசினோம். கேட்டவர் திரும்பி வரவே இல்லை.

அடுத்த நாள் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா தரையில் சாக்கை விரித்து, அரைக்கீரையில் பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன் இருந்தது. நான் உட்கார்ந்து வாழைநாரைக் கிழித்துக் கொடுக்கத் தொடங்கினேன். 

"கண்ணு, ஒன்னு சொன்னா திட்டக்கூடாது."

"சொல்லு."

"நம்ம கூடுவாஞ்சேரில புதுசா ஒரு பொண்ணு குடி வந்துகீது, மூணாவது மாடி. கயித்துல பைய எறக்கும். போன வாரம் இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'கீரம்மா, வண்டி ஸ்பீக்கர்ல வர்றத அப்டியே காப்பி அடிக்கிறீங்களே, சூப்பரா இருக்கு'ன்னுது."

நான் நார் கிழிப்பதை நிறுத்தினேன்.

"சிரிச்சிகினேதான் சொல்லிச்சு. நல்ல பொண்ணு. அதுக்கு இன்னா தெரியும்? நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே நான் அந்தத் தெருவுல போயிட்டு கீறேன். பின்னாடி போற நான் தானே டூப்ளிகேட்டு?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு சாக்கின் ஓரத்தைத் தாண்டவில்லை.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அதுக்குக் கீழ் வீட்டு ஐட்டி பொண்ணு ஒன்னு, போன்ல ஒரு குரூப்பு போட்டுக் குடுத்துச்சு. பேர் ஊரு சொல்லாதீங்க, கேள்விய மட்டும் கேளுங்கன்னுச்சு. மைக்க அமுக்கிப் பேசினா அதுவே எழுதுது. பதில் வந்தா அமுக்கினா அதுவே படிச்சிக் காட்டுது. கேட்டேன். அதுல ஒரு ஆளு கீறான் பாரு... பேஜாரு புடிச்சவன்."

"யாரு?"

"லைட்ஹவுசு படம் போட்டுகினு ஒருத்தன். நான் இன்னா கேட்டேன், அவன் இன்னா சொல்றான்! குரலு உன்கிட்டயே கீதே, எப்படித் திருட்டுன்றான். இரு, நீயே கேளு."

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துப் போனை அமுக்கினாள். ஒரு எந்திரப் பெண்குரல், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், நான் எழுதியதை வாசித்தது. திருட்டு என்பது அசையும் பொருளை எடுத்துப்போவது. உங்கள் குரல் உங்களிடமே இருக்கிறதல்லவா. கேள்வியைத் தெளிவாக மாற்றிக் கேளுங்கள். நான் எழுதிய ஒவ்வொரு காற்புள்ளியிலும் அது நின்று நின்று போயிற்று. இலைகளுக்கு நடுவே என் வாக்கியங்கள் கிடந்தன. அவை சரியாகவே இருந்தன; அந்தச் சரி என் காதிலேயே சில்லிட்டது.

"அவன் வூட்ல யாரும் அவன்கிட்ட பேசமாட்டாங்கன்னு நெனக்கிறேன். பாவம்," என்றாள் அம்மா.

"என்னைக் கேட்டிருக்கலாமேம்மா. நான் வக்கீல்தானே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை. ஏதோ விலை சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"உன்ன கேட்டா மொதல்ல என் பேச்சத் திருத்துவ. அதுக்கப்புறம் எனக்குக் கேள்வியே மறந்துபூடும்."

அன்று நான்தான் அந்த ஆள் என்று சொல்லவில்லை. நாரை எடுத்து மறுபடி கிழித்தேன். மிக மெல்லியதாகக் கிழித்துவிட்டேன்; அம்மா, "இது கட்டறதுக்கா, கோக்கறதுக்கா?" என்று கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் அலுவலகத்தில் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். ஆயிரம் முறை எடுத்த புத்தகம். குரலுக்குப் பதிப்புரிமை இல்லை என்று நான் எழுதியது சரிதான். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே, நான் பரீட்சைக்குப் படித்து, பரீட்சையோடு விட்டுவிட்ட ஒரு உரிமை இருந்தது. நிகழ்த்துநர் உரிமை. நிகழ்த்துநர் என்றால் யார் என்று சட்டம் ஒரு பட்டியல் தருகிறது. நடிகர், பாடகர், வாத்தியம் வாசிப்பவர், ஆடுபவர், கழைக்கூத்தாடி, பந்துகளை எறிந்து பிடித்து வித்தை காட்டுபவர், மந்திர வித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவு செய்பவர். பிறகு, நிகழ்த்திக் காட்டும் வேறு எவரும்.

அந்த வரிசையைப் படித்துக்கொண்டே எனக்குக் கண் சொக்கியது. மின்விசிறி சுற்றும் சத்தம் அலைபோல வந்து வந்து போயிற்று. மாமல்லபுரம் மணலில் அவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக நிற்பதுபோல இருந்தது. கழைக்கூத்தாடியின் கையில் நீளக் கம்பு. பாம்பாட்டியின் கூடை மூடியிருக்கிறது. மந்திரக்காரர் வெயிலுக்குத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்கிறார். வரிசையின் கடைசியில், 'வேறு எவரும்' என்பவர் நிற்கவேண்டிய இடத்தில், ஈரச் சாக்கு மூடிய கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அம்மா நிற்கிறாள். பாம்புக்கூடைக்காரர் திரும்பி, "உன் கூடையில என்ன?" என்கிறார். "பொன்னாங்கண்ணி," என்கிறாள் அம்மா, தணிந்த குரலில்.

நிகழ்த்தியவருக்கு, நிகழ்த்தியது நானே என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு என்றும் சட்டத்தில் இருந்தது. அம்மா கேட்டது அதைத்தான். ஒரு வார்த்தை பிசகாமல் அதைத்தான் கேட்டிருந்தாள். மாற்றிக் கேட்க அதில் எதுவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் குழுவில் எழுதினேன். முன்பு நான் சொன்னது பாதி, மீதியைச் சொல்லாமல் விட்டது என் தவறு, கேட்டவர் பயன்படுத்திய சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டதை விட்டுவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்று எழுதினேன். பிறகு அந்த உரிமையை, பாம்பாட்டியிலிருந்து தெருவில் கூவி விற்பவர்வரை உதாரணம் காட்டி, சொல்லச் சொல்லப் புரியும்படி, சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதினேன். எந்திரக் குரல் வாசித்தால் எப்படிக் கேட்கும் என்று ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்துப் பார்த்தேன்.

உடனே எங்கள் மின்சாரக்காரர் வந்துவிட்டார். பயன்படுத்தும் விதமே பெயர் சொல்ல இடம் கொடுக்காவிட்டால் சொல்லத் தேவையில்லை என்று அதே பிரிவில் விலக்கு இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள் என்றார். தெருவில் கூவுவதும் பேசுவதும் நிகழ்ச்சி ஆகுமா என்றார் இன்னொருவர். இரண்டும் நல்ல கேள்விகள். விரல் துடித்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் திருவிடந்தைக்கு அழைத்துப் போனேன். மாமாவைப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அம்மா ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கினாள். பிறகு விழித்து, போனைக் காதில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கேட்டாள். மறுபடி அமுக்கி மறுபடி கேட்டாள்.

"அடியே, அந்த லைட்ஹவுசு ஆளு மன்னிப்பு கேட்டுகினு கீறான்டீ!"

"அப்படியா?"

"பாம்பாட்டிக்குக்கூட உரிமை கீதாம். எனக்கும் கீதாம். தெளிவா சொல்றான். போன தபா இவனுக்கு வயித்து வலி போல."

பேருந்து மாமல்லபுரத்துக்குள் திரும்பியது. பாறைகளுக்கு மேலே, வெயிலில் வெளுத்து, கலங்கரை விளக்கம் தெரிந்தது. அம்மா குனிந்து பார்த்தாள்.

"இந்த லைட்ஹவுசுதான் அந்தப் படத்துல. அந்த ஆளு இந்த ஊர்க்காரனா இருப்பானோ?"

"செங்கல்பட்டு," என்றேன். "நான்தாம்மா அது."

அம்மா என்னைப் பார்த்தாள், கலங்கரை விளக்கத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பும்படி சிரித்தாள்.

"அடிப்பாவி! நீயா அந்த ஆம்பள? உன்னையா நான் அந்தத் திட்டு திட்டினேன்?"

"எல்லாத்தையும் கேட்டேன்."

"தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு சேத்துத் திட்டியிருப்பேனே!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்து, "வூட்ல யாரும் பேசமாட்டாங்கன்னு சொன்னேன் பாரு, அத மட்டும் மனசுல வெச்சிக்காத," என்றாள். நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். சவுக்குத் தோப்புகள் பின்னால் ஓடின. இடைவெளியில் கடல் வந்து வந்து ஒளிந்தது.

மாமா வீட்டு வாசலிலேயே வண்டி நின்றிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் மாமாவின் முகம் சுண்டிவிட்டது.

"இன்னா யக்கா, என்மேல கேஸா? வக்கீலம்மாவ இட்டாந்துகீற?"

"கேஸும் இல்ல, கீஸும் இல்ல. உட்காருடா," என்றாள் அம்மா. "சவுண்டு போட்டுக்க. எவனுக்கு வேணா குடு. நான்தான்னு சொல்லிட்டுப் போடு. அவ்ளோதான்."

"நீதான்னு எனக்குத் தெரியும் யக்கா. ஊருக்கு எப்படிச் சொல்றது? ஸ்பீக்கர்ல உன் போட்டோ ஒட்டறதா?"

மின்சாரக்காரர் எழுதிய விலக்கு எனக்கு நினைவு வந்தது. மாமாவுக்கும் சட்டம் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். முதலில் பிடித்த பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். பழைய போனைத் தேடி எடுத்து, சார்ஜில் போட்டு, ஓட்டிக் காட்டினார். மூவரும் தலையைத் தலையோடு வைத்துக் கேட்டோம்.

வண்டியில் போகும்போது கேட்காதது எல்லாம் அதில் இருந்தது. அம்மாவின் குரலுக்குக் கீழே கடல் இருந்தது. அரைக்கீரைக்கு ஒரு அலை, முளைக்கீரைக்கு ஒரு அலை. பொன்னாங்கண்ணியில் குரல் இறங்கியபோது அலையும் மணலில் இறங்கியது. அது முடிந்ததும் ஒரு சின்னக் கீச்சுச் சத்தம். வண்டிகளில் அதை நூறுமுறை கேட்டிருக்கிறேன். பழுதான ஸ்பீக்கரின் கீச்சு என்றே நினைத்திருந்தேன். இப்போது அது சொல்லாகக் கேட்டது.

"போதும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

என் குரல். கல்லூரி இரண்டாம் வருடத்துக் குரல். பட்டுப்புடவையில் கடலைப் பார்த்துக் கூவும் ஒரு பெண்ணைத் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட விரும்பும் குரல். இத்தனை காலமும் அம்மாவின் பின்னாலேயே, தெருத்தெருவாக, ஊரூராக, அவளை வாயை மூடச் சொல்லிக்கொண்டே நான் போயிருக்கிறேன்.

 கடல் அடுத்த தெருவில் இருந்தது, போனுக்குள்ளும் இருந்தது.

"மாமா, அதை வெட்டிடுங்க," என்றேன்.

"வெட்டாத," என்றாள் அம்மா. "அன்னிக்கு நடந்ததுதான அது. இவ சத்தம் இல்லாட்டி எவனாவது இது என் பொண்டாட்டி கூவினதுன்னு சொல்வான். இருக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "முன்னாடி நீ ஒரு வார்த்த சொல்லிக் குடு. நீதான் படிச்சவ. நீ சொன்னா எடுபடும்," என்றாள்.

ஒரு தாளில் எழுதினேன். இக்குரலை நிகழ்த்தியவர் என்று ஆரம்பித்து வாசித்துக் காட்டினேன். மாமா, "கோர்ட்டு சம்மன் வந்தாப்ல கீது பாப்பா. கீர வாங்க எவன் வருவான்?" என்றார். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மூவரும் கடலுக்குப் போனோம். அதே இடமா என்று தெரியவில்லை; மணலில் இடம் ஏது? மாமா போனை என் வாயருகே நீட்டினார். கல்லூரிக்குப் போனதிலிருந்து நான் வெளியே பேசாமல் வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. அம்மா தொண்டையை மடித்து வைப்பதுபோல நானும் அதை மடித்து உள்ளே வைத்திருந்தேன். அதைப் பிரித்தேன்.

மாமா என் பேச்சைப் பழைய பதிவின் முன்னால் ஒட்டி, தனக்குத் தெரிந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். பழசை அழித்துவிட்டு இதைப் போடுங்கள் என்று மிரட்டியும் பார்த்தார். சிலர் போட்டார்கள். எங்கள் தெருவுக்கு வரும் அந்தப் பனிக்கால வண்டிக்காரருக்கு அது போய்ச் சேரவில்லை. அவரிடம் பழைய அம்மாதான் இன்னும் யாரென்று யாருக்கும் தெரியாமல் கூவுகிறாள். குழுவில் தெருவில் கூவுவது நிகழ்ச்சியா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. நான் எட்டிப் பார்ப்பேன். இப்போதும் சிலசமயம் திருத்துவேன். ஆனால் கேட்டதற்குப் பதில் சொன்ன பிறகுதான்.

ஒரு விடுமுறை நாளில் அம்மாவோடு ரயிலில் கூடுவாஞ்சேரிக்குப் போனேன். ஒரு கூடையை நான் வாங்கிக்கொண்டேன். அந்தத் தெருவுக்குள் நாங்கள் நுழையும்போது எதிர்முனையில் ஒரு வண்டி திரும்பியது. மாமா அனுப்பிய பதிவைப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவர். ஸ்பீக்கர் கரகரத்து, என் குரல் தெரு முழுக்க எழும்பியது.

"கூவுறது எங்கம்மா. கூடுவாஞ்சேரில கூடய தூக்கினு வர்றாங்களே, அவங்கதான்."

அதற்குப் பின்னால் ஸ்பீக்கரில் அம்மா கூவத் தொடங்கினாள். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. கயிறு கட்டிய பை பாதி இறங்கி, அந்தரத்தில் நின்றது. மேலே ஒரு பெண் வண்டியைப் பார்த்தாள், பிறகு கீழே கூடையோடு நிற்பவளைப் பார்த்தாள்.

"கீரம்மா! அது நீங்களா?"

 அம்மா, வண்டி கடந்துபோகும்வரை, தன் குரல் ஏறி ஏறி முளைக்கீரைக்கு வரும்வரை, தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். அங்கே ஒரு மூச்சுக்கு இடம் இருந்தது. ஸ்பீக்கர் வாயைத் திறக்கும் முன்னால், மேலே பார்த்து, அந்தப் பெண்ணுக்கு மட்டும் சொல்வதுபோல, "பொன்னாங்கண்ணி" என்றாள்.

பை கடகடவென்று கீழே இறங்கியது. பக்கத்துப் பால்கனிகளிலும் ஆட்கள் வந்து நின்றார்கள்.

"போதும்மா. எல்லாரும் பாக்கறாங்க," என்றது தெருமுனையில் திரும்பிய வண்டி.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன்.